மோனோஃபின் தேர்வு: முதலில் கோணம், அப்புறம் கடினம், கடைசியில் கார்பன்

மூச்சடக்கி நீந்தும் ஃப்ரீடைவிங்கில் இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டும் ஒற்றைத் துடுப்புதான் மோனோஃபின். அதை வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக "கார்பனா, ஃபைபர்கிளாஸா?" என்பதாகத்தான் இருக்கும். அடுத்தது, "சாஃப்டா, மீடியமா, ஹார்டா?" பாதம் பிளேடோடு, அதாவது துடுப்பின் தகட்டோடு, எந்தக் கோணத்தில் சேர்கிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். என்னைக் கேட்டால் இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பவேண்டும். கோணம்தான் முதலில், அதை உங்கள் கணுக்கால் முடிவு செய்யும். அடுத்தது கடினம். உதைக்கும்போது எழும் அலை உங்கள் உடம்பில் எங்கே தொடங்குகிறது, என்ன வேகத்தில் போகிறீர்கள், நீச்சல்குளமா கடலா என்பதைப் பொறுத்தது அது. பிளேடு எதனால் ஆனது என்பது கடைசிக் கேள்வி. அதற்குப் பெரும்பாலும் பர்ஸ்தான் பதில் சொல்லும்.

வேண்டுமா என்பதே முதல் கேள்வி

சாதனைப் பட்டியலைப் பார்த்தால் சந்தேகமே வராது. 2018-ல் பகாமாஸின் டீன்ஸ் புளூ ஹோலில் அலெக்சேய் மல்ச்சானவ் 130 மீட்டர் ஆழம் போய்த் திரும்பியது மோனோஃபினில். 2016-ல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் மத்தேயுஷ் மலினாவும் யோர்கோஸ் பனயோட்டாகிஸும் ஒரே மூச்சில் 300 மீட்டர் நீந்தி உலக சாதனையைப் பங்கிட்டுக்கொண்டதும் மோனோஃபினில்தான். 2019-லிருந்து ஃப்ரீடைவிங்கின் சர்வதேச அமைப்பான ஐடா, பை-ஃபின் (காலுக்கு ஒன்றாக இரண்டு துடுப்பு) சாதனைகளைத் தனியாகவே கணக்கு வைக்கிறது. ஒரே பட்டியலில் விட்டால் மேலே நிற்பது எப்போதும் மோனோஃபினாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த மேன்மை ஒரு நேர்கோட்டில், கடலில் ஆழத்துக்கு இறங்கும் கயிற்றை ஒட்டியோ குளத்துத் தரையின் கறுப்புக் கோட்டை ஒட்டியோ போகும்போது மட்டுமே. பவளப்பாறையைச் சுற்றிப் பார்க்க, நடுவில் நின்று திரும்ப, மேற்பரப்பில் அரை கிலோமீட்டர் நீந்திப் படகுக்குப் போக, இன்னொருவரைத் தூக்கி வர எல்லாவற்றுக்கும் பை-ஃபின்தான் சரி. போட்டிகளில் பாதுகாப்புக்கு இறங்குபவர்கள் காலில் பெரும்பாலும் பை-ஃபின் இருப்பது இதனால்தான். நீங்கள் மோனோஃபினில் பயிற்சி செய்தால், உங்கள் துணை பை-ஃபினில் இருக்கட்டும். இருவரும் மோனோஃபின் மாட்டிக்கொண்டு மாற்றி மாற்றி இறங்குவது படத்தில் அழகாக இருக்கும், மயங்கியவரைத் தூக்கும்போது அந்த அழகு உதவாது.

கயிறும் கோடும்தான் உங்கள் விளையாட்டு என்றால் மேலே படியுங்கள்.

கணுக்கால் சொல்வதைக் கேளுங்கள்

தரையில் காலை நீட்டி உட்காருங்கள். முழங்காலை மடக்காமல் கால்விரல்களை முன்னால், தரையை நோக்கி அழுத்துங்கள். முன்னங்காலின் கோடு அப்படியே புறங்காலில் தொடர்ந்து விரல் நுனிவரை இறங்கினால் உங்களுக்கு நீச்சல்காரரின் கணுக்கால். பெரியவர்கள் பலருக்கு, குறிப்பாக ஓட்டம், கால்பந்து என்று வளர்ந்தவர்களுக்கு, பாதம் பாதி வழியிலேயே நின்றுவிடும். அந்த மீதிக் கோணம்தான் விஷயம்.

குப்புறப் படுத்து நீந்தும் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதம் முழுக்க நீளாதவருக்கு விரல்கள் காலின் நேர்கோட்டிலிருந்து கீழ்நோக்கி, அடிவயிற்றுப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். தட்டையான மோனோஃபினில் பிளேடும் பாதத்தின் அதே தளத்தில் போவதால், அதுவும் கீழே சாய்ந்தே நிற்கும். இப்போது கீழ்நோக்கி உதைக்கிறீர்கள். உந்துதல் கிடைக்க பிளேடின் நுனி பாதத்தைவிட மேலே பின்தங்கி வரவேண்டும். ஏற்கெனவே கீழே தொங்கும் நுனி அந்த நிலைக்கு வருவதற்குள் உதையில் பாதி முடிந்துவிடும். உடம்பு இதைத் தானாகவே சரிக்கட்டப் பார்க்கும், முழங்காலை மடக்கி. கெண்டைக்கால் மேலே தூக்கினால் பாதமும் பிளேடும் நேராகிவிடுகின்றன அல்லவா! விளைவு, தொடை நீரைத் தள்ளிக்கொண்டு போகும் சைக்கிள் உதை. பயிற்சியாளர் "முழங்காலை மடக்காதே" என்று கத்திக்கொண்டிருப்பார். மடக்குவதற்குக் காரணம் முழங்காலில் இல்லை, ஒரு சாண் கீழே இருக்கிறது.

ஹைப்பர் வகை மோனோஃபின் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அதில் பிளேடு பாதத்தின் தளத்தில் இல்லாமல் உள்ளங்கால் பக்கமாகச் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். பிராண்டைப் பொறுத்து 20 டிகிரி சுமாரிலிருந்து 30 வரை. கணுக்காலுக்கு எட்டாத கோணத்தை ஃபினே கொடுத்துவிடுவதால், கால் நேராக இருக்கும்போது பிளேடும் காலின் கோட்டிலேயே நிற்கிறது. பாதத்தைச் சுற்றி இறக்கைபோல் ஒரு ரப்பர் உறை இருக்கும். அது குதிகால், புறங்கால் மேடுபள்ளங்களை மூடி நீரை வழுக்கிப் போகவிடும்.

அப்படியானால் எல்லோரும் ஹைப்பரே வாங்கிவிடலாமே? முடியாது. பாதம் முழுக்க நீளும் கணுக்காலோடு அதிகச் சாய்வுள்ள ஹைப்பர் சேர்ந்தால் பிளேடு மறுபக்கம் மீறிப்போய்விடும். கீழ் உதை அபாரமாக இருக்கும், மேல் உதை வெற்றாகப் போகும். பாலே ஆடியவர்களும் சிறுவயதிலிருந்தே நீந்துபவர்களும் தட்டை ஃபினில் சுகமாகப் போவதும், ஹைப்பருக்கு மாறியதும் "ஒரு பக்கம்தான் பிடிக்கிறது" என்று சொல்வதும் இதனால்தான். அவர்களுக்குக் குறைந்த சாய்வு போதும்.

ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மிதப்பு தீர்ந்து உடம்பு தானாக விழ ஆரம்பித்ததும் கால்களைத் தளர விடவேண்டும். தட்டை ஃபினில் கணுக்கால் தளர்ந்தால் பிளேடு சாய்ந்து சுக்கான் வேலை பார்க்கத் தொடங்கும், கயிற்றை விட்டு மெல்ல விலகுவீர்கள். அதைத் தடுக்க விரல்களை நீட்டியே பிடித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்காலில் பிடிப்பு வரும். சாய்வுள்ள ஃபினில் தளர்ந்த பாதத்தோடேயே பிளேடு ஏறக்குறைய நேராக நிற்கும். 40 மீட்டருக்குக் கீழே விழுபவருக்கு இது சின்ன வசதி இல்லை.

அலை எங்கே பிறக்கிறது?

பக்கவாட்டிலிருந்து யாரையாவது ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பை மட்டும் பாருங்கள். அது மேலும் கீழும் போகிறதா, அசையாமல் இருக்கிறதா? ஃபின் மாட்டி வேகத்துக்குப் போட்டியிடும் ஃபின்ஸ்விம்மிங் பக்கமிருந்து வந்தவர்களுக்கு அலை மார்புக்கூட்டிலேயே தொடங்கி, இடுப்பில் வளர்ந்து, பிளேடில் முடியும். ஃப்ரீடைவிங்கிலேயே கற்றவர்களில் நிறையப் பேர் இடுப்பிலிருந்து உதைக்கிறார்கள், மேல் உடம்பு அமைதியாக இருக்கும். மூன்றாவது வகை மேலே சொன்ன முழங்கால் உதை. முதல் இரண்டும் இரண்டு நல்ல நடைகள், மூன்றாவது திருத்தவேண்டியது. திருத்தும்வரை கடினமான பிளேடு வாங்கவே கூடாது. கடினம் கூடக்கூட முழங்கால் இன்னும் மடங்கும்.

பெரிய மார்பு அலை உள்ளவர் நடுத்தரக் கடினத்தைக் கையாளலாம், ஏனென்றால் பிளேடை வளைக்கும் வேலையை முதுகும் வயிறும் சேர்ந்து செய்கின்றன. இடுப்பு அலைக்காரருக்கு அந்தச் சுமை முழுவதும் தொடையிலும் கீழ்முதுகிலும் விழும். அவருக்கு ஒரு படி மென்மை. ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு கீழ்முதுகு வலித்தால், அதை உழைப்பின் அடையாளம் என்று பெருமைப்பட வேண்டாம், பிளேடு உங்களுக்கு அதிகம்.

இங்கே பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று காது. மூக்கைக் கையால் பிடித்துத்தான் காதுச் சமன் (ஆழத்தில் காதில் ஏறும் அழுத்தத்தைச் சரிக்கட்டுவது) செய்கிறீர்கள் என்றால், ஒரு கை மேலே நீள முடியாது. மேல் உடம்புக்கு நங்கூரம் இல்லாமல் போகிறது. அந்த நிலையில் பெரிய, கடினமான பிளேடு ஒவ்வொரு உதைக்கும் தலையை ஆட்டும். தலை ஆடினால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் சமன் செய்வது சிக்கும். மூக்குக் கிளிப் போட்டுக்கொண்டோ கை இல்லாமலோ சமன் செய்யக்கூடியவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பூட்டிக்கொண்டு பெரிய அலையோடு இறங்கலாம். ஆக, உங்கள் ஃபினின் கடினத்தை உங்கள் மூக்கும் கொஞ்சம் முடிவு செய்கிறது!

கடினம்: ஒரு சின்னக் கணக்கு

டால்ஃபின்கள் முதல் மீன்கள் வரை, வாலை ஆட்டி நீந்தும் உயிரினங்கள் சிக்கனமாகப் போகும்போது ஒரு விகிதத்துக்குள் நிற்கின்றன: வினாடிக்கு எத்தனை வீச்சு என்பதை வாலின் மொத்த வீச்சு அகலத்தால் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் 0.2 முதல் 0.4 வரை வரும். ஸ்ட்ரோஹல் எண் என்பது இதற்குப் பெயர். மனிதனுக்கு அப்படியே பொருந்திவிடாது, ஆனால் ஃபினைச் சோதிக்க நல்ல அளவுகோல்.

மோனோஃபினில் சாதாரணமாக வினாடிக்கு சுமார் 1 மீட்டர் போகிறோம். பிளேடின் நுனி மேலிருந்து கீழ்வரை 50 செ.மீ. வீசுகிறது, 10 வினாடியில் 6 முழு உதை என்றால்: 0.6 × 0.5 ÷ 1 = 0.3. நடு மையத்தில் இருக்கிறீர்கள், ஃபின் பொருந்துகிறது. அதே வேகத்துக்கு 10 வினாடியில் 12 உதை, 40 செ.மீ. வீச்சு தேவைப்படுகிறதா? 0.48. பிளேடு உங்களுக்கு மென்மை, நீரை நழுவவிடுகிறது. அல்லது உங்கள் உதை அவசரம். எது என்று தெரிய, வேண்டுமென்றே மெதுவாக உதைத்துப் பாருங்கள். மெதுவாக்கியதும் வேகம் செத்துப்போனால் பிளேடு, அப்படியே நின்றால் அவசரம். உதைத்துவிட்டு வழுக்கிப் போகும் நடை உள்ளவர்கள், உதைக்கும் வினாடிகளை மட்டும் எடுத்துக் கணக்குப் போடவேண்டும்.

மறுபக்கம், 0.2-ஐ ஒட்டி வந்தும் தொடை எரிகிறதென்றால் பிளேடு அதிகக் கடினம். எரிச்சல் என்பது ஆக்சிஜன் போதாமல் தசை வேலை செய்வதன் அடையாளம். ஃப்ரீடைவிங்கில் கால்களுக்குப் போகும் ரத்தம் இயல்பாகவே குறைவதால் கொஞ்சம் எரிச்சல் எல்லோருக்கும் வரும். 50 மீட்டர் நீச்சலின் முதல் நீளத்திலேயே வந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

ஃபின்ஸ்விம்மிங்காரர் பயன்படுத்திவிட்டு விற்கும் மோனோஃபினை வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. மூச்சடக்கி 50 மீட்டர் போட்டியில் முன்னணி ஆட்கள் 15 வினாடிக்குள் முடிக்கிறார்கள், அதாவது வினாடிக்கு 3 மீட்டருக்கும் மேல். நம் வேகத்தைப்போல் மூன்று மடங்கு. நீரின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அவர்கள் பிளேடு சந்திக்கும் விசை நம்முடையதைப்போல் ஒன்பது மடங்கின் பக்கம். அந்த விசையில் அழகாக வளையும்படி செய்த பிளேடு நம் காலில் வளையவே வளையாது. வளையாத மோனோஃபின் வெறும் பலகை. விலை குறைவு என்று வாங்கி மூலையில் சாத்தி வைத்திருப்பவர்கள் ஏராளம்.

கடினத்தின் பெயர்களையும் நம்பிவிடக் கூடாது. ஒரு நிறுவனத்தின் "மீடியம்" இன்னொன்றின் "ஹார்ட்". பொதுப் பட்டியல் எதுவும் கிடையாது. உங்கள் எடை, உயரம், 50 மீட்டருக்கு எத்தனை உதை என்று எழுதிக் கேட்டால் நல்ல தயாரிப்பாளர் பதில் சொல்வார்.

நீச்சல்குளமும் கடலும் இங்கே பிரிகின்றன. குளத்தில் கழுத்து எடை போட்டு மிதப்பைச் சமன் செய்துவிட்டால் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே வேகம், ஒரே உதை. மென்மையான பிளேடும் நீண்ட வழுக்கலும் அங்கே வெல்லும். ஆழத்தில் அப்படியில்லை. இறங்கும்போது முதல் 10, 15 மீட்டரில் வெட்சூட்டின் (உடம்பை மூடும் ரப்பர் நீருடை) மிதப்பை எதிர்த்து உதைக்கவேண்டும். அடியில் திரும்பியதும் எடையாகிவிட்ட உடம்பை நின்ற நிலையிலிருந்து கிளப்பவேண்டும். அந்த முதல் ஐந்தாறு உதைகளில் மிக மென்மையான பிளேடு மடங்கிப்போய் ஒன்றும் தராது. ஆகவே ஆழத்துக்குக் குளத்தைவிட அரைப்படி கூடுதல் கடினம். இரண்டும் செய்கிறவர் ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் குளத்துக்கு ஏற்றதையே வாங்குவது நல்லது என்பேன். மென்மையான பிளேடில் கிளம்புவதற்கு உதை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கடினமான பிளேடில் பயிற்சியே நின்றுபோகும்.

மற்ற உருவங்கள்

ஃபினிஸ் போன்ற நிறுவனங்கள் செய்யும் சிறிய மோனோஃபின்கள் நீச்சல் பயிற்சிக்கானவை. அலையைக் கற்றுக்கொள்ள அருமை, தூரத்துக்கோ ஆழத்துக்கோ போதாது. பிறைவடிவ வால் உள்ள லூனோசெட், டால்-ஃபின் வகைகள் வேறொரு குடும்பம். வளையும் தட்டுக்குப் பதிலாக, டால்ஃபின் வால்போல் பக்கவாட்டில் அகன்று, முன்பின்னாகக் குறுகிய இறக்கை, சொந்தமான ஷூவில் பொருத்துவது. சின்ன வீச்சிலேயே உந்துதல் தரும், காலும் நசுங்காது. இடுப்பு அலைக்காரர்களுக்கும் ரப்பர் உறையின் வலி தாங்காதவர்களுக்கும் பார்க்கத் தகுந்தது. ஆனால் பெரிய மார்பு அலையோடு இதை வீசினால் பிடிப்பு விட்டுப்போகும். உடனே புரிபடும் கருவி இல்லை.

கார்பன்

பை-ஃபினில் கார்பனுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வித்தியாசம் முதல் உதையிலேயே தெரியும். மோனோஃபினில் நல்ல ஃபைபர்கிளாஸுக்கும் கார்பனுக்கும் அந்த அளவு இடைவெளி இல்லை. கார்பன் கொஞ்சம் எடை குறைவு, வளைந்து திரும்புவது சற்று வேகம். ஆனால் படகின் விளிம்பிலோ குளத்தின் சுவரிலோ ஓர் இடி வாங்கினால் ஃபைபர்கிளாஸ் தழும்போடு பிழைக்கும், கார்பன் கீறல் விடலாம். பொருளைவிட முக்கியம், பிளேடு பாதத்தருகே தடித்து நுனியில் மெலிந்து வருகிறதா என்பது. அடுக்கடுக்காகக் குறைந்து வரும் பிளேடு நீளம் முழுக்க வளையும். ஒரே தடிமனான மலிவுத் தகடு ஒரே இடத்தில் மடங்கும்.

உறையும் காலும்

கோணம், கடினம் எல்லாம் சரியாக அமைந்தும் கால் உறையில் கோட்டை விட்டால் வீண். தளர்வாக இருந்தால் மேல் உதையில் குதிகால் கிளம்பும், நீங்கள் கொடுத்த சக்தி உறைக்குள்ளேயே கரையும். இறுக்கமாக இருந்தால் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்து, பாதத்தின் வளைவில் பிடிப்பு வரும். ஹைப்பர் செய்பவர்கள் பலர் பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் கேட்பது இதற்காகத்தான். காலையில் அளக்காமல் மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, நின்ற நிலையில், இரண்டு காலையும் அளந்து பெரியதைக் கொடுங்கள். எந்தத் தடிமனுள்ள சாக்ஸ் போடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 2 மில்லிமீட்டர் நியோபிரீன் சாக்ஸ் ஒரு அளவையே மாற்றிவிடும். குளத்தில் வெறுங்கால், கடலில் சாக்ஸ் என்று இருப்பவர் சாக்ஸுக்கு வாங்கி, குளத்திலும் மெல்லிய சாக்ஸ் போட்டுக்கொள்வதே வழி.

உறைக்கு அடுத்து, கையில் வந்ததும் பார்க்கவேண்டியது மிதப்பு. ஃபினைத் தண்ணீரில் போட்டு விடுங்கள். சர்ரென்று மூழ்கினால் குளத்தில் உங்கள் கால்கள் தாழும், கழுத்து எடையை மறுபடி சரிபார்க்கவேண்டியிருக்கும். மெல்ல மிதந்தால் கால்கள் மேலெழும்.

இரண்டு மனதாக இருப்பவர்களுக்கு என் பதில்: கணுக்கால் இறுகியவர், இடுப்பு அலைக்காரர் என்றால் சாய்வு அதிகமுள்ள ஹைப்பர், மென்மையானது, ஃபைபர்கிளாஸ். நீளும் கணுக்காலும் மார்பு அலையும் உள்ளவர் லீடர்ஃபின்ஸ் போன்றவர்கள் செய்யும் சாதாரணத் தட்டை வகையையே முதலில் இரவல் வாங்கிப் பார்க்கட்டும். பிடித்தால் பாதிப் பணம் மிச்சம். இன்னும் முழங்காலால் உதைப்பவர் எதையும் வாங்காமல் சிறிய பயிற்சி ஃபினில் ஒரு பருவம் ஓட்டட்டும்.

பழைய ஃபின் வாங்குவதானால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உறை பிளேடோடு சேரும் இடத்தையும் இரண்டு ஓரப் பட்டைகளையும் பாருங்கள். ஃபைபர்கிளாஸில் வெளுத்த திட்டுகள் இருந்தால் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிட்டன. நுனியின் இரண்டு மூலைகளையும் ஒரே அளவு அழுத்திப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் எளிதாக வளைந்தால், அந்த ஃபின் உங்களை ஒவ்வொரு உதையிலும் ஒரு பக்கமாகத் திருப்பும். எடுத்துப் போக இடம் இருக்கிறதா என்பதையும் வாங்கும்முன்னே யோசியுங்கள். ஃபின்ஸ்விம்மிங் விதிகள் அனுமதிக்கும் அகலமே 76 செ.மீ. வரை. சாதாரணப் பெட்டி எதிலும் அது நுழையாது. அளந்து தைத்த பை ஒன்றும் செலவுக் கணக்கில் சேரும்.